டெல்லாவின் முதுகு

தியேட்டர் வாசலில் ஒதுக்கித் தள்ளியிருந்த பனி கறுத்துப்போய்க் கிடந்தது. மார்ச் மாதத்துக் கிளீவ்லாந்தில் பனிக்கு அந்த நிறம்தான். வரிசையில் நின்ற பாதிப் பேர் அந்தக் குளிரிலும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, ஒரே மாதிரியான கறுப்புச் சட்டையை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையின் பின்புறம் ஒரு பெண்ணின் முதுகு அச்சாகியிருந்தது. நீலக் கவுன், அவிழ்ந்த கூந்தல், ஆளில்லாத பள்ளிக்கூட மைதானம்.

"பாருடி, எங்க பார்த்தாலும் உன் முதுகுதான் நடமாடுது," என்றாள் ஜனீன், காரை ஓரங்கட்டியபடி.

"அது என் முதுகு இல்ல," என்றாள் ரோண்டா.

ஜனீனுக்கு அது தெரியும். ரோண்டாவின் தங்கை அவள். அக்காவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த அந்தக் கோடை முழுவதும் சூப்பை ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தவள். இந்த உலகத்தில் அந்த விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவன் இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"நான் உள்ள வரல. அந்த லொவெல் மூஞ்சியைப் பார்த்தேன்னா அறைஞ்சிடுவேன். அப்புறம் நீ பேச வந்ததெல்லாம் பாழாப் போயிடும். போய்ச் சொல்லிட்டு வா. உடைச்சுச் சொல்லு. பூசி மெழுகாத."

ரோண்டா தலையாட்டினாள். தாடை கடகடவென்றது. குளிர் வந்தாலே அது அப்படித்தான்.

'பன்றிக்கு ஒரு கவுன்' என்ற அந்தப் படம் வந்தபோது ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. எதிர்ப் பள்ளியின் அதிர்ஷ்டப் பன்றிக்குட்டியை மூன்று பெண்கள் திருடிக்கொண்டு போய், அதற்குக் கவுன் மாட்டி, கடைசி வருஷ நடன விருந்துக்குக் கூட்டிப்போகிற கதை. விடலைகள் சிரிக்க எடுத்த படம், அவ்வளவுதான். அதில் டெல்லா என்ற வாயாடித் தோழியாக நடித்தவள் ரோண்டா. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. படத்தின் முதல் பாதியில் டெல்லா வாயை மூடமாட்டாள். நடுவில் ஒரு காட்சி: பன்றியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி சோளக்காட்டுக்குள் தறிகெட்டு ஓடும். அதற்குப் பிறகு டெல்லா ஒரு வார்த்தை பேசுவதில்லை. முகத்தையும் காட்டுவதில்லை. எங்கேயோ ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கடைசிக் காட்சியில் மைதானத்தைத் தாண்டித் தனியாக நடந்து போவாள்.

ஏன்? இந்த ஒரு 'ஏன்' தான் செத்துப்போன படத்தை எழுப்பி உட்கார வைத்தது. வேலைவெட்டி இல்லாத எவனோ ஒருவன் இணையத்தில் எழுதிவைத்தான்: டெல்லா அந்தச் சோளக்காட்டிலேயே செத்துவிட்டாள், அதற்குப் பிறகு வருவது அவள் ஆவி. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. படத்தில் இருக்கிற ஓட்டை உடைசலுக்கெல்லாம் ஆளாளுக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடக் கடிகாரம் ஓடாததற்கு ஒரு அர்த்தம், பன்றியின் ரிப்பன் நிறம் மாறுவதற்கு ஒரு அர்த்தம். வருஷாவருஷம் விழா எடுத்து, கூடிப் படம் பார்த்தார்கள். ரோண்டா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டபோதெல்லாம் வரமாட்டேன் என்றாள். போய்த்தொலையட்டும் என்று விட்டிருந்தாள்.

போன மாதம்தான் அவளுக்கு வயிறெரிந்தது. படத்தை எடுத்த லொவெல் ப்ரூவிட் ஒரு பேட்டி கொடுத்திருந்தான். டெல்லாவின் மௌனம் முதல் நாளிலிருந்தே தன் மனதில் இருந்ததாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 'உன் மௌனம்தான் இந்தப் படத்தின் உயிர்' என்று சொன்னானாம். இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறானாம். ரோண்டா அந்தப் பேட்டியை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு விழாக்காரர்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் வருகிறேன் என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது மௌனம் இல்லை, அடிபட்டது என்று சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒரு ஆளாவது நம்ப வேண்டும்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் லொவெல் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டான். தலை நரைத்து, ஆள் பெருத்திருந்தான்.

"ரோண்டா கண்ணு! உன் முகம் அப்படியே இருக்கு, மாறவே இல்ல."

"இடது பக்கம் மாறியிருக்கு. கிட்ட வந்து பாருங்க."

அவன் கிட்ட வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு கண்ணு, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா வெளிய போய்ப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க! அந்த ஆவிய நம்பித்தான் வந்திருக்காங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்? ரெண்டாம் பாகத்துல உனக்கும் ஒரு காட்சி வச்சிருக்கேன். வசனமே கிடையாது. கஷ்டமே இல்ல."

"முதல் பாகத்துலயும் அதைத்தான் சொன்னீங்க. 'கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும், கஷ்டமே இல்ல'ன்னு."

லொவெல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

படம் முடியும் தறுவாயில் அவளைப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதுதான் அந்தக் கூத்தை அவள் நேரில் பார்த்தாள். திரையில் டெல்லா நடன மண்டபத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "டெல்லாவுக்காக!" என்று குரல் கொடுத்தாள். அவ்வளவு பெரிய தியேட்டரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. காட்சி மாறியதும் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து சோளப்பொரியைக் கொறித்தார்கள்.

"செத்தவ நமக்கு முகம் காட்டல, நாமளும் அவளுக்குக் காட்டக் கூடாது. அதான் மரியாதை," என்று விளக்கினான் கார்பின். விழாவை நடத்துகிற பையன் அவன். இருபத்திரண்டு வயதிருக்கும். அவளைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க வந்தது எங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா மேடம்? நான் பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் பேசமாட்டேன். டெல்லாதான் எனக்குத் தைரியம்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் ரோண்டாவுக்குப் பெரிய இம்சையாக இருந்தது. இவனை வெறுக்கவாவது முடிந்தால் தேவலையே என்று நினைத்தாள்.

மேடையில் இரண்டு நாற்காலி, அவளுக்கும் கார்பினுக்கும். லொவெல் முன்வரிசையில், விருந்தாளி இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். கேள்விகள் ஆரம்பித்தன.

"பன்னியோட ரிப்பன் சிவப்பா இருந்து நீலமா மாறுதே, அது காலம் பின்னாடி போறதுக்கு அடையாளம்தானே?"

"சிவப்பு ரிப்பனை பன்னி தின்னுடுச்சு," என்றாள் ரோண்டா.

தியேட்டர் அதிரச் சிரித்தது.

"அந்தக் கடிகாரம்?"

"பள்ளிக்கூடத்துக்கு லீவு. கடிகாரம் ஓடல. ஏறிச் சரிபண்ண ஏணி இல்ல."

இன்னும் பெரிய சிரிப்பு. "ரகசியத்தைச் சொல்லவே மாட்டேங்குறாங்க பாரு! சத்தியம் வாங்கியிருப்பாங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கைதட்டல். ரோண்டாவுக்கு லேசாகப் பயம் தட்டியது. உண்மையைச் சொல்லச்சொல்ல அதை மிட்டாய்போல வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்களே!

ஒரு பெண் ஒலிவாங்கியிடம் வந்தாள். சட்டைக் கையைச் சுருட்டி, புஜத்தில் பச்சை குத்தியிருந்ததைக் காட்டினாள். அதே நீலக் கவுன், அதே முதுகு. "எங்கம்மா தவறிப்போனப்ப குத்திக்கிட்டேன். கடைசிக் காட்சியில டெல்லா திரும்பிப் பார்க்காம நடந்து போறப்ப... நீங்க மனசுல என்ன நினைச்சுக்கிட்டு நடந்தீங்க?"

ரோண்டா அந்தப் புஜத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது? ஆனால் இவளிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது?

"அது நான் இல்லம்மா," என்றாள். "முடி அலங்காரம் பண்ண வந்தாளே ஒருத்தி, அவளோட அக்கா பொண்ணு அது. என்னைவிட உயரம். பார்த்தாலே தெரியும். நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன்."

சிரிப்பு எழும்பி, பாதியில் நின்றது. அவள் விடவில்லை.

"டெல்லா சாகல. யாரும் சாகல. அந்த வண்டியில டூப் போடுற பொண்ணு ஒருத்தி எனக்குப் பதிலா நிக்கணும். அவ வரல. இதோ முன்னாடி உக்காந்திருக்காரே, இவர் என்னையே ஏறச் சொன்னார். முதல் தடவை மெதுவாப் போச்சு. பத்தல, இன்னும் வேகமா விடுன்னார். ரெண்டாம் தடவை வண்டி பள்ளத்துல இறங்குச்சு. என் தாடை கம்பியில போய் அடிச்சு ரெண்டு இடத்துல உடைஞ்சுது. படத்துல நீங்க கேக்குறீங்களே அந்த அலறல், அது நடிப்பு இல்ல. அதை எடுத்து அப்படியே வச்சுக்கிட்டார். வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. அதனாலதான் டெல்லா பேசல. மூஞ்சி பூசணிக்காயா வீங்கியிருந்துச்சு. அதனாலதான் முதுகு. வேற ஒரு அர்த்தமும் கிடையாது. நான் அதுக்கப்புறம் நடிக்கவே இல்ல. எனக்கு நடிக்க ரொம்பப் பிடிக்கும்."

கடைசி வாக்கியம் அவள் சொல்ல நினைத்து வந்ததல்ல. தானாக வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. பச்சை குத்திய பெண் அழுதுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள் ரோண்டா. கடவுளே, கேட்டுவிட்டார்கள்.

"டெல்லா பேசிட்டா," என்றான் கார்பின், தழுதழுத்த குரலில். ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் கேட்கும்படி செய்தது. "இத்தனை வருஷம் கழிச்சு... ஆவியே வந்து, எப்படிச் செத்தேன்னு நம்மகிட்டச் சொல்லிட்டா."

"இல்ல தம்பி, நான் சொல்றது..."

"டெல்லாவுக்காக!" என்று கத்தினாள் அழுதுகொண்டிருந்தவள்.

தியேட்டர் எழுந்தது. முன்வரிசை, நடுவரிசை, மாடி, எல்லாம். அன்போடுதான் எழுந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பக்கத்தில் நின்ற கார்பினும் திரும்பிக்கொண்டான். அவள் கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்புச் சட்டைகள். ஒவ்வொரு சட்டையிலும் அந்த நீலக் கவுன்காரி அவளை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஒரே ஒருவன் மட்டும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லொவெலுக்குத் தெரியும். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை என்று அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் அவனையே பார்த்தாள். சொல்லுங்களேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கெஞ்சாத குறையாகப் பார்த்தாள். அவன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு அவனும் திரும்பி நின்றான்.

ரோண்டா ஒலிவாங்கியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்துப் படி வழியாக இறங்கினாள். நடுப்பாதையில் இருபுறமும் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். அவள் போவதை யாரும் பார்க்கவில்லை.

ஜனீன் காரில் சூடு போட்டு வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும், "சொல்லிட்டியா?" என்றாள்.

"சொன்னேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அப்புறம்? என்ன பண்ணாங்க?"

ரோண்டா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். தாடையைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க," என்றாள்.

"அட!" என்று ஜனீன் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "நான்தான் சொன்னேனேடி! நான்தான் சொன்னேனே!"

"வண்டிய எடு," என்றாள் ரோண்டா.