கண்ணுச்சாமி தோப்பில் நின்ற வள்ளங்கள்

1928ஆம் வருஷம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபத்தெட்டு அடி நீளமுள்ள மீன்பிடி வள்ளம் ஒன்று, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மிதந்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்தது. கடல் அங்கிருந்து அறுபது மைல். வள்ளத்தின் மூக்கில் கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்து வந்தவள் ஏசம்மாள். முப்பத்திரண்டு வயது, பிறந்தது இதே ஊர், வாழ்க்கைப்பட்டது கிழக்குக் கடற்கரையில். விருதுநகர் வண்டி வரும் நேரம் என்பதால் கேட்காரர் அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். வண்டி போனதும் திறந்துவிட்டார். மாட்டுவண்டிகள் மாதிரி தண்டவாளத்தில் சாணி விழாமல் வள்ளம் கடந்து போனது என்று அன்று முழுக்க வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வள்ளம் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஏசுவடியான், ஞானதுரை மேஸ்திரியின் பட்டறையில் அதைப் பழுதுபார்க்க விட்டான். கரையில் வள்ளத்தை ஏற்றி வைத்து வேலை பார்க்கும் இடமெல்லாம் பட்டறைக்காரர்களின் குத்தகையில் இருந்தது. வள்ளத்துக்குச் சொந்தக்காரன் உள்ளே வந்து ஒரு ஆணியைத் தொடவும் அவர்கள் விடுவதில்லை. தண்ணீரில் இற்றுப்போகாத அயினிப் பலகை போட்டிருப்பதாகச் சொல்லி வள்ளத்தைத் திருப்பிக் கொடுத்தார் மேஸ்திரி. நாற்பதாம் நாள் ஏசுவடியான் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. மூன்று நாள் கழித்து வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அடிப்பக்கத்து ஓட்டைக்குள் ஏசம்மாள் கையை விட்டாள். பலகை ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. அது அயினி இல்லை, தார் பூசிய இலவம். அவள் கையை வெளியே எடுத்ததும் வள்ளம் மணலை விட்டு மேலே எழும்பி நின்றது. இருபது பேர் ஏறி அழுத்தியும் அது இறங்கவில்லை. தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தார்கள். அலைக்கு மேலேயும் அதே உயரத்தில்தான் நின்றது. வலை போட்டால் எட்டாது, துடுப்புப் போட்டால் எட்டாது, யாருக்கும் பிரயோசனமில்லை.

இனி இந்த வள்ளத்தில் அடுத்தவர் கை படக்கூடாது என்று ஏசம்மாள் முடிவு செய்தாள். சொந்தக்காரரே பழுதுபார்க்க இடம் கொடுக்கும் பட்டறையைத் தேடி இரண்டு வருஷம் கரையோரமாக அலைந்தாள். வடக்கே நாலு, தெற்கே மூன்று. எல்லா இடத்திலும் ஒரே பதில்: வள்ளத்தை விட்டுவிட்டுப் போ, ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள். கடைசியில் கடலுக்கு முதுகைக் காட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வழியாகக் கரிசல் காட்டுக்குள் எட்டு நாள் நடந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மரவேலை ஆசாரிகள் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். அதன் வளைவை மெச்சினார்கள். ஆனாலும் தங்கள் கொட்டகைக்குள் தங்கள் உளி மட்டும்தான் என்றார்கள். அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு நடந்தாள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பாதையில் கண்ணுச்சாமிக்கு மாந்தோப்பு இருந்தது. முதல் உலகப் போரில் ஈராக்கின் பாஸ்ராவில் ஆற்றுப் படகுகளுக்குக் காவல் நின்று திரும்பியவர். வெள்ளைக்காரத் துரை யாரையும் படகைத் தொடவிடாததால், படகென்றால் தொடமுடியாத பொருள் என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. பாதையில் வள்ளம் மிதந்து வருவதைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எங்கம்மா கொண்டு போறீக?"

"நானே ரிப்பேர் பாக்கணும், அண்ணாச்சி. வேற யாரும் கை வைக்கக் கூடாது. அதுக்கு ஒரு எடம் தேடுதேன்."

"அம்புட்டுத்தானா? எடம் என்னோடது, வேலை உங்களோடது. கேட்டா வெறகு தருவேன், தண்ணி தருவேன். கை மட்டும் வைக்க மாட்டேன்."

ஏசம்மாள் பக்கத்திலிருந்த மாமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கயிற்றைக் கையிலிருந்து விட்டது அப்போதுதான்.

வேலை பதினாலு மாதம் நடந்தது. வேண்டியதெல்லாம் கடற்கரையைவிட இங்கே பக்கத்தில் கிடைத்தது: மலையடிவாரத்து மரக்கடையில் அயினி, வத்திராயிருப்பில் தேங்காய் நார்க்கயிறு, பலகை இடுக்கில் திணிக்க ராஜபாளையத்துப் பஞ்சு. கிடைக்காதது பழக்கம் மட்டும்தான். பலகையை அனலில் வாட்டி வளைக்கும்போது முதல் மூன்றும் பிளந்துபோயின. மூன்றாவது பிளந்த அன்று அவள் உளியைத் தூக்கி எறிந்துவிட்டு வள்ளத்தின் நிழலில் படுத்துக்கொண்டாள். கண்ணுச்சாமிக்குக் கை துறுதுறுத்தது. அவர் எழுந்ததைப் பார்த்த அவர் சம்சாரம் நாச்சியார், "கையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. வாக்குக் குடுத்தாச்சுல்ல," என்று அதட்டினாள். பிறகு ஏசம்மாளிடம் போய், "எந்திரிங்க மதினி. கஞ்சியைக் குடிச்சிட்டு நாலாவதை ஒடைங்க," என்றாள். நாலாவது உடையவில்லை. அதை ஆணியடித்து முடித்ததும் வள்ளம் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நல்ல பலகைக்கும் ஒரு விரற்கடை இறங்கியது. அந்தப் பாதையில் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் குச்சியை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1929 குருத்தோலை ஞாயிறு பிற்பகலில், கடைசி இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலிய எண்ணெய் பூசி முடித்தபோது, வள்ளம் புல்லைத் தொட்டது. அதன் கனத்தில் மண் அரையடி அமுங்கியது. ஏசம்மாள் அதைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்து, அசையாததைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் செத்ததற்கு அழாத அழுகையும் அந்தச் சிரிப்போடு வந்தது.

வரும்போது ஒரு பெண் இழுத்து வந்த வள்ளத்துக்குத் திரும்பிப் போகப் பன்னிரண்டு ஜோடி மாடுகள் தேவைப்பட்டன. சேத்தூரில் உழவு பார்க்கும் சம்சாரிகள் கூப்பிடாமலே மாடுகளோடு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் அது போனபோது ஆசாரிகள் வேலையை நிறுத்திவிட்டு வந்து, விரல் முட்டியால் பலகைகளைத் தட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், "இது யாரு கை?" என்று கேட்டார். ஏசம்மாள் காய்ப்பு ஏறிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வள்ளம் கடலில் சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. வருஷா வருஷம் கடலுக்குப் போகமுடியாத காற்றுக் காலத்தில், பழுதுபார்க்கும் வேளை வந்ததும் அது தானாக எழும்பும்; ஏசம்மாள் கயிற்றைப் பிடித்துத் தோப்புக்கு நடப்பாள். இரண்டாம் வருஷம் அவளுக்குப் பின்னால் மூன்று வள்ளங்கள் மிதந்து வந்தன, பட்டறைகளில் ஏமாந்த சொந்தக்காரர்களோடு. 1934இல் பதினொன்று. பட்டறைக்காரர்கள், புஞ்சை நிலத்தில் அனுமதியில்லாமல் வள்ளங்கள் நிறுத்தப்படுவதாக மனுப் போட்டார்கள். தாசில்தார் வந்து குனிந்து பார்த்து, நிலத்தைத் தொடாத பொருள் நிலத்தில் இருப்பதாகக் கொள்ள முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோப்பில் ஒரே விதிதான்: உன் வள்ளம், உன் கை. வெளியூர்க்காரர்கள் ராஜபாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடலில் இருக்கிறவர்கள் எல்லாம் தேடி வரும் ஊர் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

1936இல் ஞானதுரை மேஸ்திரி வந்தார். அறுபது வயது. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் அவருடைய சொந்த வள்ளம் மார்பு உயரத்தில் மிதந்தது. அவ்வளவு உயரத்தில் வந்த வள்ளத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஏசம்மாள் இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அது இலவம்னு எனக்குத் தெரியும் தாயி," என்றார் அவர். "தெரிஞ்சேதான் தார் பூசச் சொன்னேன். இதையும் சொல்லிருதேன், எனக்கு உளி பிடிக்கத் தெரியாது. முப்பது வருஷமா ஆளை ஏவித்தான் பழக்கம்."

தோப்பில் உளிச் சத்தம் முழுக்க நின்றுபோனது. ஏசம்மாளின் கொட்டாப்புளி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த இடுக்கை முழுசாக முடித்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

"மேக்க மூணாவது மரத்தடி காலியாக் கெடக்கு. என் மனசைக் கேட்டுத் தரல. இந்தத் தோப்பு வழக்கம் அது. யாரும் ஒத்தாசைக்கு வரமாட்டாக. உம்ம வள்ளம், உம்ம கை."

மேஸ்திரி பிளந்த பலகைகளை வைத்து நாச்சியார் ஒரு வருஷம் அடுப்பெரித்தாள். அவருடைய இடது கைக் கட்டைவிரல் நகம் நாலு தடவை விழுந்து முளைத்தது. அவர் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏசம்மாள் வருவாள், தன் வேலையைப் பார்ப்பாள், அவரோடு பேசாமல் போவாள். 1941 ஆடியில், அவள் அங்கே இருந்தபோதே, மேஸ்திரியின் வள்ளம் தரையைத் தொட்டது. அவர் கூப்பிடவில்லை, தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஏசம்மாள் போய் மூக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். அடிப்பக்கத்தில் ஒரு பலகையை மட்டும் இரண்டு தடவை தட்டினாள்.

"அதை வேணும்னா பிரிச்சிருதேன்," என்றார் மேஸ்திரி.

"வேண்டாம். நல்ல மரம்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "தைரியமா ஆளை ஏத்துங்க."

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு வள்ளங்கள் சேத்தூரில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்பதாக அப்போது ஒருவர் வந்து சொன்னார். பாய்மரத்தைக் கழற்றாமலே கொண்டுவருகிறார்களாம். நாச்சியார், மேஸ்திரி காலி செய்யப்போகும் மூன்றாவது மரத்தடியைக் கூட்ட ஆரம்பித்தாள். கண்ணுச்சாமி அரிவாளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்து கிடந்த கிளைகளைக் கழிக்கப் போனார்.