நாற்காலி போட்டுப் பிடித்த இடம்

நாற்காலி மடிப்பில் சிக்கிக்கொண்டது. டெல்லா ஓர் உதை விட்டாள், விரிந்தது. கைப்பிடித் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டை இருந்த அது அப்பாவின் நாற்காலி. பக்கத்தில் தன்னுடையதையும் போட்டாள். இரண்டும் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றன.

அவ்வளவுதான் சட்டம். நெவாடாவின் இந்தப் பொதுநிலத்தில் யாரும் வந்து தங்கலாம். நாற்காலி கிடந்தால் இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை. அப்பா ஆரின் இதை வேதம் மாதிரி நம்புகிறவர். டெல்லா நம்பவில்லை.

எப்படி நம்புவாள்? காலையில் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறாள். மே மாதக் கடைசி, நீண்ட விடுமுறை. உள்ளேயே கட்டிலும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டிகள், பஸ் நீளத்துக்கு, ஒன்றின் வாலில் இன்னொன்றின் மூக்கு. எங்கு பார்த்தாலும் ஜெனரேட்டர் இரைச்சல். ஒரே ஒரு காலி இடத்தில் எட்டு நாற்காலிகள்.

"இங்க யாரும் இல்லையே?"

"என் மச்சான் குடும்பம் சனிக்கிழமை வருது," என்றான் பக்கத்து வண்டியின் தொப்பிக்காரன்.

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"அதுக்குத்தாம்மா நாற்காலி."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார். வீட்டுக்குள்ள சாக மாட்டேங்கிறார். ரெண்டு ராத்திரி போதும்."

அவன் தொப்பியைக் கழற்றினான். இடத்தைக் கொடுக்கவில்லை.

முன்பதிவு செய்யும் முகாம்கள் ஆறு மாதத்துக்கு முன்பே நிரம்பிவிட்டன. அப்போது அப்பாவுக்கு வெறும் இருமல். சாகப்போகிறவன் ஆறு மாதம் முன்கூட்டி எப்படிப் பதிவு செய்வான்? அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் டெல்லாதான். அங்கே படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை.

அப்பா நேற்றே சொன்னார். முப்பது வருஷம் கிரேடர் ஓட்டி இந்த மண்சாலைகளைச் சமன் செய்தவர். "ஏரிப் பக்கம் போகாத. மாடு தாண்டாம ரோட்டுல போட்டிருக்கிற ரெண்டாவது கம்பிப் பாலம் தாண்டி, பல்லு கிடுகிடுன்னு ஆடுற வரைக்கும் போ. பெரிய வண்டிக்காரனெல்லாம் அங்கயே திரும்பிடுவான். அதுக்கப்புறம் இடதுபக்கம்."

அவள்தான் கேட்கவில்லை. ஏரிக்கரையில் இடம் கிடைக்காத பிறகுதான் அவர் சொன்ன வழியில் இங்கே வந்தாள்.

காரில் வீடு திரும்ப இரண்டு மணி நேரம். வாசலில் அவர்களுடைய பழைய குட்டைக் கேரவன் இன்ஜின் ஓட நின்றது. அப்பாவைப் பின்கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள்.

"எப்ப ஏத்தினீங்க?"

"எட்டு மணிக்கே," என்றாள் அம்மா லோர்னா. "ஜன்னல் வழியா தெருவுல போறவனுக்கெல்லாம் டாட்டா காட்டிட்டிருக்கான்."

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பெவ், டெல்லாவை ஓரமாக அழைத்தாள். "தாங்குவாரான்னு தெரியல. வழியில ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணு. வேற யாரையும் கூப்பிடாத, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

டெல்லா தலையாட்டிவிட்டு ஏறினாள்.

"கெடச்சுதா?" அப்பாவின் குரல் தொண்டையைத் தாண்டவே சிரமப்பட்டது.

"கெடச்சுது. ரெண்டு ஜூனிப்பர் மரம், நடுவுல சமமான தரை."

"பக்கத்துல யாரு?"

"ஒரு மாடு."

"ஜெனரேட்டர் வச்சிருக்கா?"

சிரிக்கக் கூடாது என்றிருந்தாள். சிரித்துவிட்டாள்.

"நாற்காலி போட்டியா?"

"போட்டேன். இந்நேரம் எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்."

"போகமாட்டான்."

"அந்த ரோடு என்னப்பா அப்படி இருக்கு? குடலே வெளிய வந்துடும் போல."

"அந்தத் துண்டை மட்டும் முப்பது வருஷமா நான் தொடவே இல்ல. ஆபீஸ்ல கேட்டா, பிளேடு தேஞ்சு போச்சும்பேன்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் முந்திக்கொண்டது.

அம்மா வண்டியை எடுத்தாள். தெருமுனை ஸ்டாப் பலகையில் வழக்கம்போல முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். டெல்லா பிடித்திருந்த அப்பாவின் கை அதற்குள் கனத்துப்போயிருந்தது.

"அம்மா, நிறுத்து."

"நின்னு பாத்துட்டுத்தானடி எடுத்தேன்."

"அம்மா."

லோர்னா வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்கண்ணாடி வழியே அவர்கள் வீட்டுத் தபால்பெட்டி இன்னும் தெரிந்தது.

சனிக்கிழமை அடக்கம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றித் தொடையும் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும் தட்டுத் தட்டாக வந்தன. "ஆரின் இப்ப அமைதியான இடத்துல இருக்கார்," என்றாள் ஒரு பெண்மணி, டெல்லாவின் முதுகைத் தடவி.

"அமைதியான இடம் இங்கருந்து ரெண்டு மணி நேரம்," என்றாள் டெல்லா. "அவர் அங்க போகல."

பெண்மணி கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காபி ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நாற்காலி அங்கயே கெடக்கு."

"கெடக்காதும்மா. லீவு கூட்டம் இன்னும் கலையல. விடு, வேற வாங்கிக்கலாம்."

"இடம் பிடிச்சுட்டுப் போகாம இருந்தா உங்கப்பா என்னைத் திட்டுவான்."

கேரவனிலேயே கிளம்பினார்கள். இரண்டாவது கம்பிப் பாலம் தாண்டியதும் அலமாரித் தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட ஆரம்பித்தன. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "பிளேடு தேஞ்சு போச்சாம்," என்றாள் அம்மா. பிறகு அந்த அலையலையான மேடுபள்ளம் முடியும் வரை இருவரும் சிரித்தார்கள். அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

இரண்டு ஜூனிப்பர்களுக்கு நடுவே நாற்காலிகள் அப்படியே இருந்தன.

டெல்லா இறங்கிப் போய்ப் பார்த்தாள். புழுதியில் டயர் தடங்கள், அகலமாகவும் குறுகலாகவும். எல்லாம் நாற்காலி வரைக்கும் வந்து, வளைந்து, திரும்பிப் போயிருந்தன. ஒரு ஜோடிச் செருப்புத் தடம் மட்டும் நெருங்கி வந்திருந்தது. காற்று அடித்துக்கொண்டு போகாதபடி ஒவ்வொரு நாற்காலியிலும் தலையளவு கல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவள் வைத்த கல் இல்லை.

அவள் வெகுநேரம் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் நாற்காலியின் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. உட்கார்ந்தாள்.

அம்மா தன் நாற்காலியைக் கொண்டுவந்து மறுபக்கம் விரித்தாள்.

"அவன் நாற்காலிக் கல்லை எடுக்கலையா?"

"காத்து அடிக்குதும்மா," என்றாள் டெல்லா.

தூரத்தில் அந்த மாடு தலைநிமிர்ந்து அவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி மேய்ந்தது.