பதினேழு அங்குலம்

எல்வுட் மூன்று ஜிக்குகளை உள்ளங்கையில் போட்டு, கோழிக்குஞ்சைத் தூக்கிப் பார்ப்பவன்போல மெல்ல மெல்லத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். வெர்னாவின் தூண்டில் கடையில் அப்போது காலை ஆறரை மணி. ஜிக் என்பது வேறொன்றுமில்லை, கழுத்தில் ஈய உருண்டை வார்த்த தூண்டில் முள். அதில் ஒரு ரப்பர் நண்டைக் கோத்து ஆற்றில் விடவேண்டும். ஈயம் கனத்துப்போனால் பாறை இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும். லேசாகிப்போனால் தண்ணீர் அதை மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். நண்டு அடித்தரையைத் தொட்டும் தொடாமலும் உருளவேண்டும். எங்கள் ஜூனியாட்டா ஆற்றில் சிறுவாய்ப் பாஸ் மீன் பிடிக்கிறவனின் மொத்தப் படிப்பும் அந்த எடைக்குள் அடக்கம். அந்தப் படிப்பை முடிக்க எனக்கு நாற்பது வருடமும் நாலாயிரம் ஜிக்கும் ஆயின. இன்றைக்கு ஆறு ஓர் அடி உயர்ந்து ஓடுகிறதென்றால் அது மழையால் அல்ல, நான் பாறைகளுக்குள் விட்டுவந்த ஈயத்தால்.

"அரைக்கால் அவுன்ஸ் வேணாம், லமார்" என்றான் எல்வுட். "தண்ணி அரை அடி ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் கனமா, மும்மாகாணி போடு."

"அரைக்கால்தான். நாப்பது வருஷமா நான் பாக்காத தண்ணியா."

"நீ பாத்த. கேட்டியா? வரும்போது பாலத்துல நின்னு கேட்டேன். அடியில கல்லு பேசல. அப்போ தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம்."

கல்லாவுக்குப் பின்னால் வெர்னா புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவன் கை சொல்றத கேளுப்பா. நேத்து அவன் பதினாலு, நீ மூணு" என்றாள்.

"நாலு."

"நாலாவது கெண்டை. கெண்டைய என்னைக்குய்யா கணக்குல சேத்தோம்?"

எல்வுட் முப்பத்தாறு வருடம் தபால்காரனாக இருந்தவன். உறையைக் கையில் வாங்கியதுமே ஒட்டிய தபால்தலை போதுமா போதாதா என்று சொல்லிவிடுவான். தராசு அவனிடம் பாடம் கேட்கவேண்டும். இரண்டு வருடமாகக் கண்ணில் கோளாறு. பார்வையின் நடுவில் ஒரு புகை உட்கார்ந்துகொண்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவன் கோபித்துக்கொண்டான் என்று நினைப்பார்கள். முள்ளின் காதில் தூண்டில் நரம்பைக் கோப்பதும் முடிச்சுப் போடுவதும் அவனால் ஆகாது. அவை என் வேலை. நான் கட்டிக் கொடுப்பேன், அவன் பிடிப்பான். பாதிக் கண் போன மனிதன் எனக்கு மூன்று பங்கு பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடையின் பின்சுவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. இருபது அங்குலத்துக்கு மேல் பாஸ் பிடித்தவன் அதைப் பழுப்புக் காகிதப் பையின்மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரைந்து, மீனை ஆற்றில் விட்டுவிடவேண்டும். அந்தக் காகிதத்தை வெட்டிப் பெயரெழுதி வெர்னாவிடம் கொடுத்தால் சுவரில் ஒட்டுவாள். இத்தனை வருடத்தில் பதினோரு மீன்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என்னுடையது. இருபத்தொன்றேகால் அங்குலம். பத்தொன்பது வருடமாக அதற்கு மேலே ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கால் அங்குலம் மீனுடையதல்ல, வால்பக்கம் பென்சில் கொஞ்சம் சாய்ந்ததால் கிடைத்தது. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வெர்னா அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். "லமார், உன் மகாராஜா இந்த வாரம் கீழ எறங்கிருவார் போலிருக்கே. எல்வுட் கை இருக்கற இருப்புக்கு."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் வண்டிக்குப் போனேன்.

என் வண்டியில் இரண்டு நரம்புச் சுருள்கள் இருந்தன. இரண்டும் எட்டுப் பவுண்டு தாங்கும் நரம்பு, ஒரே கம்பெனி. ஒன்று புதியது, பெட்டிக்குள் இருந்தது. மற்றது முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கோடையாக வெயிலில் கிடந்தது. வெயில் தின்ற நரம்பு பார்வைக்குப் புதியதுபோலவே இருக்கும். விரல் நுனியால் நீவினால்தான் உள்ளே சுரசுரப்பு தெரியும். பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். என் கோலின் நரம்பு நுனியில், முள்ளுக்கு முன்னால், புதியதில் ஒரு முழம் வெட்டிக் கட்டினேன். எல்வுட்டின் கோலை மடியில் வைத்தேன். கை பெட்டிக்குப் போகாமல் முன்கண்ணாடிக்குப் போயிற்று.

"எச்சில் தொட்டு இறுக்கினியா?" என்று கேட்டான் அவன். உலர்ந்த முடிச்சை இறுக்கினால் நரம்பு சூடேறிக் கருகிவிடும். ஒவ்வொரு காலையும் இதைக் கேட்காமல் அவன் கோலை வாங்கமாட்டான்.

"தொட்டேன்."

தொட்டது உண்மை. முடிச்சில் ஒரு குற்றமும் இல்லை. திருடப் போகிறவன் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவதுபோல அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தேன். அவன் மீனை இழக்கவேண்டும் என்று நினைத்தேனா? இல்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாறையில் உரசி இரண்டு தடவை அறுந்தால் போதும். 'லமார், இன்னொண்ணு கட்டிக் குடுப்பா' என்று இரண்டு தடவை கேட்கட்டும். வெர்னாவின் கணக்கில் ஒரே ஒரு நாள் நான் முன்னால் இருக்கலாமே. இவ்வளவுதான் ஆசை. இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய வாய் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

தொடையளவு தண்ணீரில் மூன்றாவது பாறை வரிசைக்கு நடந்தோம். எல்வுட் ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தான். மும்மாகாணிதான் சரி என்பது முதல் வீச்சிலேயே தெரிந்துபோயிற்று. என் அரைக்கால் ஜிக், அவிழ்த்துவிட்ட பலூன்போல ஆற்றின் மேல்தட்டில் ஊர்வலம் போனது. அவனுடையது அடியில் டொக் டொக்கென்று கல்லைத் தட்டிக்கொண்டே உருண்டு சுழிக்குள் இறங்கியது. அங்கே நின்றது.

"கல்லா?" என்றேன்.

"கல்லு மூச்சு விடுமாடா?" என்றான்.

பிறகு கோல் வளைந்தது. நான் நிறையக் கூட்டிச் சொல்கிறவன், ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்ன மீன்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இங்கிருந்து ஹாரிஸ்பர்க் வரைக்கும் பாலம் போட்டுவிடலாம். ஆனால் அன்று பார்த்ததில் கூட்டுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பத்தடி தூரத்தில் அது எழும்பியது. வெண்கல நிறம், முதுகில் பட்டைகள், சிவப்புக் கண். காற்றில் நின்று தலையை உதறியபோது செவுள்கள் கலகலவென்று அடித்துக்கொள்வது கேட்டது. என் மகாராஜா அதற்குத் தம்பி. இருபத்திரண்டு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறையாது. எல்வுட் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணில் ஏதாவது அகப்படாதா என்று தவித்தபடியே, விரல்களால் அதை விட்டு விட்டுப் பிடித்தான். ஒரு பிழை செய்யவில்லை. எனக்கு இரண்டு கைகளும் சும்மா இருந்தன. 'இழுக்காத, விடு, நரம்பு பழசு' என்று சொல்ல நேரம் இருந்தது. இரண்டு நிமிடம் இருந்தது.

மூன்றாவது தடவை எழும்பியபோது, ஒட்டியிருந்த உதடுகளைப் பிரித்தால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம்தான் கேட்டது. கோல் நிமிர்ந்துகொண்டது.

"போச்சா?"

"போச்சு."

அவன் கோலைத் தாழ்த்தினான். "எவ்ளோ பெருசு? எனக்கு நடுவுல வெறும் புகைதான். நீ பாத்தியே, சொல்லு."

பன்னிரண்டு அங்குல மீனை நான் பிடித்தால் கரையேறும்போது பதினைந்தாகிவிடும், கடைக்கு வரும்போது பதினெட்டாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலுக்கு வரும்போது அதற்கு மீசை முளைத்திருக்கும். அப்படி வளர்த்த நாக்கு. அந்த நாக்குதான் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மீனைச் சுருக்கியது.

"பதினேழு இருக்கும்" என்றேன்.

"பதினேழா?" எல்வுட் வெறும் கோலைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "கையில அப்படித் தெரியலியே." அப்புறம், ஆற்றிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "அப்போ கையும் பொய் சொல்ல ஆரம்பிச்சிருச்சு."

அறுந்த நுனியைத் தொட்டுப் பார்க்க அவன் விரல்கள் தேடின. நான் முந்திக்கொண்டு அதைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டேன். "வேற கட்டறேன், இரு" என்றேன். புதிய சுருளில் கட்டினேன். "வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசற்படியில் அவனுடைய தூண்டில் பெட்டி இருந்தது. மூடிமேல் ஒரு தபால்தலை ஒட்டியிருந்தது. உள்ளே ஜிக்குகளெல்லாம் எடைவாரியாக, மாகாணி, அரைக்கால், மும்மாகாணி, கால் என்று அறை அறையாகக் கிடந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சமையலறையில் உட்கார்ந்து வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"பட்டுவாடா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

"வெளாடாத, எல்வுட்."

"கண்ணு போச்சு, சரி. கை இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான், வானொலியின் சத்தத்தைக் குறைக்காமல். "பதினேழு அங்குலத்தக்கூட வச்சுக்கத் தெரியாத கைக்கு ஆத்துல என்ன வேல. தடுக்கி விழுந்து உனக்குத்தான் பாரம். முட்ட சாப்பிடறியா?"

சொல்ல வாய் திறந்தேன். அவன் பீட்ரூட் காடியில் ஊறிய முட்டை ஒன்றை அந்த வாய்க்கு நேரே நீட்டினான். சாப்பிட்டேன். உப்பும் புளிப்புமாக இருந்தது. பெட்டியோடு போனவன் பெட்டியோடு திரும்பினேன்.

ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பது வருடம் பற்றவைப்பு வேலை பார்த்தவன் நான். நெருப்புப்பொறி விழுந்து என் மார்பெல்லாம் அம்மைத் தழும்புபோல இருக்கும். எதற்கும் தூக்கம் கெட்டதில்லை. இந்த ஒரு முழ நரம்பு கெடுத்தது. தனியாக ஆற்றுக்குப் போனேன். தோளில் கை இல்லாமல் நடக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். கண் உள்ளவன் விழுந்தேன். எந்த எடையைப் போட்டாலும் பாறையில் சிக்கியது. பல்லால் துப்பிய அந்த நுனி நாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அடிக்கடி துப்பிக்கொண்டே இருந்தேன்.

பத்தாம் நாள் வெர்னாவின் கடைக்குப் போனேன். சுவரோரப் பலகையில் எல்வுட் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மீன்பிடிக்க வராவிட்டாலும் காப்பிக்கு வந்துவிடுவான். நின்றபடியே சொன்னேன்.

"எல்வுட், அது பதினேழு இல்ல. இருபத்திரண்டு."

வெர்னா காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எல்வுட்டும் சிரித்தான், பத்து நாளில் முதல் தடவையாக.

"பாத்தியா வெர்னா, பத்து நாள்ல அஞ்சு அங்குலம். நம்ம லமார் வளக்கற மீனுக்குத் தீனி என்ன போடறானோ."

"கிறிஸ்மஸ்வரைக்கும் விட்டா திமிங்கலம்" என்றாள் வெர்னா.

"நெஜமா சொல்றேன். உன் கைல தப்பு இல்ல. நான் கட்டின நரம்பு கெட்டுப்போன நரம்பு. தெரிஞ்சேதான் கட்டினேன்."

"போதும்டா" என்றான் எல்வுட். குரல் இதமாக இருந்தது. அந்த இதம்தான் தாங்கவில்லை. "என்னத் தேத்தறதுக்காக உன் பேரையே கெடுத்துக்கற. நல்ல மனசு. ஆனா பொய்யி உனக்கு மீன்லதான் வரும், இதுல வரல."

நாற்பது வருடமாக என் பொய்களை ஊர் நம்பியதில்லை, ரசித்தது. நான் சொன்ன ஒரே உண்மையையும் அது ரசித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குப் போய் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த சுருளை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன்.

அவன் ஒரு முழம் உருவினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல நீவினான். பாதியில் விரல்கள் நின்றன. திரும்பவும் தொடக்கத்திலிருந்து நீவினான். பிறகு இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு, உறையைப் பிரிப்பவன்போல லேசாக இழுத்தான். அந்தச் சின்னச் சத்தம் திரும்பவும் கேட்டது.

வெர்னா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என் கோலுக்கு மட்டுமா?" என்று கேட்டான் எல்வுட்.

"உன் கோலுக்கு மட்டும்."

"எத்தன அங்குலம்னு சொன்ன?"

"இருபத்திரண்டு."

"உன் இருபத்திரண்டா, ஆத்தோட இருபத்திரண்டா?"

"ஆத்தோட."

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பேன். கேட்காததால் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பின்சுவரின் உச்சியிலிருந்த என் மீனைப் பிய்த்தேன். காகிதம் வாலோடு கையில் வந்தது. சுவர் விடவில்லை. பத்தொன்பது வருட வெயிலும் காப்பிப் புகையும் சுவர்ப் பலகையெல்லாம் பழுப்பேற்றியிருக்க, காகிதம் மூடியிருந்த இடம் மட்டும் புதுசாக, வெள்ளை வெளேரென்று, துடுப்போடும் வாலோடும் நின்றது. அங்கே, வால் நுனியில், என் பென்சில் சாய்ந்த கால் அங்குலமும் இருந்தது.

நாற்காலியிலிருந்து இறங்காமல் திரும்பிப் பார்த்தேன். எல்வுட் எழுந்து நின்றிருந்தான். அறுந்த நரம்பை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும், முகத்தை மெல்ல வாசல் பக்கம் திருப்பினான். வெர்னா அவன் கிளம்புகிறான் என்று நினைத்துக் கதவருகே போனாள். எனக்குத் தெரியும், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரிலிருந்த அந்த வெள்ளை மீனையா, அதன் பக்கத்தில் காகிதமும் கையுமாக நின்ற என்னையா என்பதுதான் தெரியவில்லை.