முப்பத்தொரு தொடையெலும்பு

விமானம் விழுந்த இடத்திலிருந்து ஊருக்குள் முதலில் வந்தது அதை ஓட்டிய என் கணவரின் உடல் இல்லை, கறி. பேனி சமவெளியில் எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. விடியலில் மாட்டை அறுத்து, சூடு ஆறுமுன் பழைய விமானத்தில் ஏற்றித் தலைநகர் லா பாஸுக்கு அனுப்புவார்கள். அன்று அது ஓடுதளத்தைத் தாண்டியதும் புல்வெளியில் குப்புற விழுந்தது. கறியை வீணாக்குவது இங்கே பாவம். கத்தியும் கூடையுமாக ஊரே ஓடியது. மாலைக்குள் எல்லார் வீட்டுக் கொடியிலும் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருந்தது.

விசாரணைக்குத் தலைநகரிலிருந்து உகார்தெச்சே என்ற அதிகாரி வந்தார். 'வந்தார்' என்று மரியாதை கொடுப்பது பழக்கதோஷம். விமானத்துக்கும் கறிக்கூடத்துக்கும் முதலாளியான எதுவிகியோவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் அவர் எப்போதும் வருவார். போன வருடம் பரிசோதனைக்கு வந்தபோது விமானத்துக்கு நல்ல டயர் மாட்டியிருந்தார்கள். அவர் போன மறுநாளே கழற்றிவிட்டார்கள்.

இப்போது விமானத்தின் வயிறு காலி.

"பன்னிரண்டு மாடுதான் ஏத்துனோம்" என்றார் முதலாளி.

"அப்போ பாரம் சரிதான். ஓட்டுனவரு தப்பு" என்றார் அதிகாரி, எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சியபடி.

செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான், என்ன வசதி! "பாரம் கூட, இறக்குங்க" என்று அன்று காலை என் ஏபெல் கத்தியதை ஓடுதளமே கேட்டது. கேட்ட காதெல்லாம் இப்போது செவிடாகிவிட்டது, முதலாளியிடம் வேலை வேண்டுமே. என் மகள் காலமெல்லாம் விமானத்தைக் கவிழ்த்தவன் மகள் என்று பெயர் சுமக்க வேண்டுமாம். த்தூ!

சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முகத்தைப் பார்க்காமல் எலும்பை மட்டும் போட்டார்கள். பக்கத்து வீட்டு எர்மிந்தா கதவைப் பாதிதான் திறந்தாள். அவள் புருஷன் முதலாளியின் கறிக்கூடத்தில் வேலை செய்கிறான்.

"எதுக்குக்கா வம்பு? போனவரு திரும்பியா வரப்போறாரு?"

"வரமாட்டாரு. நீ தின்னதோட எலும்பாவது வரட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலாளி வீட்டு வாசலில் அதிகாரிக்கு விருந்து. உப்புக்கண்டம் கிளறிய சோறு, மேலே பொரித்த முட்டை. மேசையடியில் சாக்கைக் கவிழ்த்தேன்.

"ஒரு மாட்டுக்குத் தொடையெலும்பு ரெண்டு. பன்னிரண்டுக்கு இருபத்துநாலு. இங்க முப்பத்தொண்ணு இருக்கு, பாதி ஊரு இன்னும் தரல. எண்ணுங்க சார்."

"இதெல்லாம் அந்த மாடுதான்னு என்னம்மா அத்தாட்சி?"

"உங்க தட்டுல கெடக்கறதும் அந்த மாடுதான். தின்னுட்டுச் சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். அதிகாரி ஒரு எலும்பைச் செருப்பு நுனியால் ஒதுக்கினார். முதலாளியின் நாய் அதைக் கவ்விக்கொண்டு வாசலைத் தாண்டியது.

வேலிக்கு வெளியே எர்மிந்தா, பாவாடை மடியில் எதையோ மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாயைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"ஏய் சனியனே, போடு கீழே! அது ஏபெலண்ணனோட சாட்சி!"

ஓடுதளத்தின் குறுக்கே நாய் ஓடியது, பின்னால் அவள். மடியிலிருந்து இரண்டு தொடையெலும்புகள் துள்ளி விழுந்தன. அதிகாரியின் கரண்டி வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.