தண்ணீர் ஏறாத பாதை

விடிய விடியக் கொட்டிய மழையில் தார்ச்சாலையின் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். தேர்வுக்குப் போகவேண்டிய பத்துப் பேரும் வேனோடு இக்கரையில் நின்றார்கள். அக்கரைக்கு அப்பால் ஒரு மணி நேர நடை தூரத்தில் பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குப் பரீட்சை.

பதினோராவது ஆள் எலிஹியா, வயது நாற்பத்தொன்று. காட்டுக்குள் கிடக்கும் பழைய நகரத்தில் களை வெட்டுகிற கூலிக்காரி. ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் காட்டினால் அங்கேயே காவலர் வேலை. இந்த முறை விட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"நான் வெள்ளைப் பாதையில போறேன்" என்று கணவன் சிப்ரியானோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பழைய நகரத்திலிருந்து பள்ளிக்கூடத்து ஊர் வரைக்கும் ஆளுயரத்துக்குக் கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசிய பாதை அது. மாடு கிடையாது, வண்டி கிடையாது, முதுகிலேயே சுமந்து போட்டிருக்கிறார்கள் அந்தக் காலத்துப் புண்ணியவான்கள். ஆயிரம் வருஷ மழைக்கும் அசையவில்லை. நேற்றுப் போட்ட தார்ச்சாலையோ ஒரு மழைக்குத் தாங்கவில்லை. காடு மூடிய பாதை என்பதால், களை வெட்டுகிறவர்களுக்குத்தான் அதில் வழி தெரியும்.

பாதையின் வாசலுக்கு வந்தபின்தான் சோளக் கஞ்சி கொண்டுவராதது நினைவுக்கு வந்தது. காட்டுக்கு உடையவர்களான காவல் தெய்வங்களுக்கு ஊற்றாமல் அங்கே யாரும் கால் வைப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பி ஓடினாள்.

"அடியே, வந்து ஊத்திக்கலாம்டி! மணி என்ன ஆச்சு?" என்று கத்தினான் சிப்ரியானோ.

"கேக்காம அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழைவீங்களா நீங்க?"

ஊற்றினாள், ஓடினாள். பள்ளிக்கூடம் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. காலி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார் தேர்வு வாத்தியார்.

"ஒன்பதுக்கு மேல ஒருத்தர விட்டா என் வேலை போயிடும்மா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கஞ்சிக்காகத் திரும்பாமல் இருந்திருந்தால்? ஆனால் வாத்தியார் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோடு முழுக்கத் தண்ணி. உங்க கால் எப்படிக் காஞ்சிருக்கு?"

அவள் சொன்னாள். அவர் சாவியை விரலில் சுற்றியபடி யோசித்தார். "ஒருத்தர் தாமதம்னா தாமதம்தான். எல்லாருமே தாமதம்னா வெள்ளம்னு எழுதலாம். பன்னெண்டு வரைக்கும் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா எல்லாரும் வரணும்."

எலிஹியா வந்த வழியே ஓடினாள்.

வேன் பக்கத்திலேயே பத்துப் பேரும் இருந்தார்கள். பாதை வாசலில் நின்றபோது யாரிடமும் கஞ்சி இல்லை. ஒரு பையன் கோலா பாட்டிலை நீட்டினான். "இதக் குடிப்பாங்களா, அக்கா?"

"மனசோட குடுத்தா குடிப்பாங்க. ஊத்துடா!"

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதினோரு பேரும் அறைக்குள் உட்கார்ந்தார்கள். வாத்தியார் தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்து அவளருகில் குனிந்தார்.

"நேத்தே வந்து தங்கிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப என் காரும் அந்தத் தண்ணியத் தாண்டாது. உங்க பின்னாடியே நானும் வரட்டுமா?"

"வாங்க வாத்தியாரே" என்றாள் எலிஹியா, பேனா மூடியைக் கழற்றியபடி. "கையில ஏதாவது கொண்டாங்க. வாசல்ல கேட்டுட்டுத்தான் போகணும்."