நிழல் இல்லாத இடம்

பிணவறைக் காவலாளி இரண்டாவது முறையாக நாற்காலியைக் காட்டியும் மாரித்தாய் உட்காரவில்லை. கையிலிருந்த கம்பளியை நெஞ்சோடு அணைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து புருஷன் கருத்தப்பாண்டியைக் கொடுக்க மத்தியானம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். மூணாறுக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து ராத்திரியெல்லாம் வண்டியில் இறங்கி வந்தவள். பாலக்காட்டு வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்புக்கூட வரவில்லை.

அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் செத்தவர்களைக் கம்பளியில் சுற்றித்தான் குழிக்குள் இறக்குவார்கள். மலைமண் குளிருமே என்ற கரிசனம். செத்தவனுக்கு என்ன குளிர் என்று கேட்கிற ஆள் அங்கே இன்னும் பிறக்கவில்லை.

மகன் மாரீஸ்வரன் போனில் வந்தான். "அம்மா, குழி வெட்டியாச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்தி மேல கொண்டாந்துரு."

"பாத்துட்டுச் சொல்லுதேன்யா." எதைப் பார்த்துவிட்டு என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் அப்பாஸ் நின்றான். வெளியூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. கருத்தப்பாண்டி மலையிலிருந்து ஜீப்பில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிவந்து அவனிடம் ஒப்படைப்பார். நேற்றும் அப்படித்தான் வந்தார். மத்தியானம் லாட்ஜில் சற்றே கண்ணயரப் போனவர் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க அக்கா, இங்கயே நின்னு என்ன பண்றதுங்க? உங்கள ஒருக்காக் கூட்டிட்டு வந்து ஊரு காட்டோணும்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பாருங்க. வாங்க, நான் காட்டறேன்."

தாலி கட்டியவனைப் பிணவறையில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனாள் என்று தெரிந்தால் லயத்துச் சனம் வருஷம் முழுக்க வாயில் போட்டு மெல்லும். மெல்லட்டும் என்று அவன் ஆட்டோவில் ஏறினாள்.

தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. கடைகள் தாமாக நகர்ந்தன. சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. அவர் சொல்லிச் சொல்லி அவள் மனசுக்குள் ஒரு பாலக்காடு எழும்பியிருந்தது. அதன் மேல் இந்தப் பாலக்காடு மெல்ல வந்து படிந்தது. கோட்டை அகழியில் குடை அகலத்துக்குத் தாமரை இலை என்பார். இருந்தவையோ சோற்றுத் தட்டு அளவுகூட இல்லை. "புளுகுமூட்டை" என்று முணுமுணுத்தாள்.

அப்பாஸ் பழக்க தோஷத்தில், "இது ஹைதர் அலி கட்டின கோட்டைங்க" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். பிறகு மதிலோரம் ஓரிடத்தைக் காட்டினான்.

"இங்கதானுங்க அண்ணன் உக்காருவாரு. நாங்கெல்லாம் நெழலுக்கு ஓடுவோம். அவரு சட்டையக் கழட்டிட்டு, பல்லி மாதிரி செவுத்துல முதுக ஒட்டிக்குவாரு. கருகிப் போயிருவீங்கண்ணான்னா, 'எலும்பு வரைக்கும் ஏறட்டும்டா'ம்பாரு."

மாரித்தாய் மதிலைப் பார்த்தாள். மேலே வீட்டில் அவர் வெறும் உடம்போடு உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. மார்கழியில் அடுப்படியில் சுருண்டு கிடப்பார், மூச்சு இழுக்கும், கால் பனிக்கட்டியாய்க் கிடக்கும். ஆனால் குளிருகிறது என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. மலையில் பிறந்த ஆம்பளை அதை எப்படிச் சொல்வான்?

அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். சூடு ஸ்வெட்டருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். கல்லின் சூடு மெதுவாக முதுகில் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். அப்பாஸ் அகழிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"தம்பி, இங்கன செத்தா எங்க கொண்டு போவாக?"

"ஆத்தோரமுங்க. எரிக்கறதுதான்."

"அதையும் காட்டுங்க."

கல்பாத்தித் தெருக்களைத் தாண்டி ஆட்டோ ஆற்றோரம் போய் நின்றது. மணலும் கல்லும் கண் கூசும்படி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை இடம் காட்டியவனுக்கு இதைக் காட்டக் கூச்சமாக இருந்தது.

"ஒரு மரங்கூட இல்லீங்க அக்கா. நெழலே கெடையாது."

"நல்லதாப் போச்சு" என்றாள்.

அங்கேயே நின்று மகனைக் கூப்பிட்டாள். "குழிய மூடிருய்யா. அப்பா இங்கனயே இருக்கட்டும். நீ வெரசா எறங்கி வா, கொள்ளி வைக்கணும்."

"என்னம்மா சொல்லுத? தெரியாத ஊருல போயி..."

"அவுகளுக்குத் தெரிஞ்ச ஊருதான்யா." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் பாத்துட்டேன். வெயிலு தாழறதுக்குள்ள வந்துரு."

"சரிம்மா" என்றான்.

பிணவறைக் கதவு திறந்தபோது உள்ளேயிருந்து குளிர்காற்று அடித்தது. காவலாளி, உடம்பைச் சுற்றத் துணி வேண்டும் என்று கையை நீட்டினார். மாரித்தாய் பையிலிருந்து ஒற்றை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"இது போதுமா?" என்று அவர் கேட்டார்.

"போதும்."

வெளியே ஆட்டோவின் சீட்டில் கம்பளி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மேல் அவளுடைய ஸ்வெட்டர் கிடந்தது.