மேத்தன் சாலையில் தூக்கிய கை

மூன்று சக்கர கார் வாங்கியவர்களுக்குக் கை வலி சீக்கிரம் வந்துவிடும். ஓட்டி ஓட்டி அல்ல, தூக்கித் தூக்கி. எதிரே இன்னொரு மூன்று சக்கர கார் வந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்காதவரை, இந்தக் காரைச் செய்யும் ஆங்கில ஊரான மால்வர்னில் மனிதராகவே மதிக்கமாட்டார்கள். ரோட்டோரம் நிற்பவர்களும் தூக்குவார்கள். முப்பது வருடம் இதே சாலைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்க்க வேனில் அலைந்தேன். அப்போது ஒருவரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

காரை மார்ச் மாதம் டெஸ்மண்ட் ஹார்ட்டிலிடம் வாங்கினேன். பார்க்க நூறு வருடத்துக்கு முந்தைய வண்டி மாதிரி இருக்கும்; செய்து எட்டு வருடம்தான் ஆகிறது. இரண்டே சீட்; கூரை கிடையாது, கதவும் கிடையாது. சீட்டின் மேல் ஏறி நின்று, காலை உள்ளே விட்டு, சறுக்கி உட்கார வேண்டும். இடுப்பெலும்பு மாற்றிய பிறகு டெஸ்மண்டால் அது முடியவில்லை. தோல் தொப்பி, காற்றுக்குப் போடும் கண்ணாடி, சிவப்பு மஃப்ளர் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டால் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரியும்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மேத்தன் சாலை காலியாக இருக்கும். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு பள்ளம். முன் சக்கரங்கள் இரண்டும் இரு பக்கமும் தப்பித்துவிடும், நடுவிலிருக்கும் பின் சக்கரம் நேராகப் போய் அதில் விழும். அதனால் அங்கே ஊர்ந்துதான் போவேன். அந்த வீட்டு அம்மாள் முதல் இரண்டு வாரம் பூ வெட்டும் கத்தரியோடு நின்று என்னை முறைத்தாள். மூன்றாவது வாரம் மெதுவாகக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கிவிட்டுப் போனேன்.

நான்காவது வாரம் துணி போட்டு மூடிய தட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். சர்ச் விற்பனைக்கு ஏதோ செய்திருக்கிறாள் என்று நினைத்து, கையைத் தூக்கிவிட்டுப் போனேன். காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தால், தட்டோடு நடு ரோட்டுக்கு வந்து நிற்கிறாள். ஐந்தாவது வாரம் கேட் சாத்தியிருந்தது, ஜன்னல்களில் திரை இழுத்திருந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? யாரோ ஒரு கிழவி திரை போட்டால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை? ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

ஆறாவது வாரம் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்ற மறந்துவிட்டேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள். "கேக்கோட நடு ரோட்டுல நிக்கறேன், கையாட்டிட்டுப் போறே."

கழற்றினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?"

டெஸ்மண்டிடம் காரை வாங்கியவள் என்றேன். அவள் பெயர் பெரில், டெஸ்மண்டின் அக்கா. ஆறு வருடத்துக்கு முன் அவள் கணவனை அடக்கம் செய்த அன்று டெஸ்மண்ட் தாமதமாக வந்தார். பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கார் உறுமிக்கொண்டு கல்லறைச் சுவர் வரை வந்து நின்றது. அதோடு பேச்சு நின்றுபோனது. ஆனாலும் ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு அவர் கையைத் தூக்கியபடி வாசலைக் கடந்து போவார். அவள் பதிலுக்குத் தூக்கியதே இல்லை. ஏப்ரலில் அவளுக்கு எழுபத்தைந்து முடிந்தது. இன்னும் எத்தனை ஞாயிறு என்று யோசித்து, ஒருவழியாகத் தூக்கினாள். தூக்கியது எனக்கு. கேக் செய்துவைத்துக் காத்திருந்தால் தம்பி நிற்காமல் போகிறான். ஆறு வருடக் கணக்கைத் தீர்க்கிறான் என்று நினைத்திருக்கிறாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

காரில் ஏறி இருபது நிமிடம் எஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வர வேண்டியது என் கைக்கு வந்துவிட்டது. சொல்லாதே என்கிறாள். சொன்னால் அவளுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அவருக்குத் துரோகம். மாடு உதைத்தாலாவது எங்கே வலிக்கிறது என்று தெரியும். கடைசியில் நேராக டெஸ்மண்ட் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்தக் கை?"

"வலது. கத்தரி இடது கையில இருந்துச்சு."

"அவ வலது கைக்காரி," என்றார். "அப்போ கத்தரிய மாத்திப் பிடிச்சிக்கிட்டுத் தூக்கியிருக்கா." நாற்காலியில் கையூன்றி எழுந்தார். பிறகு, "என்னை அதுல ஏத்திவிடுங்க, டாக்டரம்மா," என்றார்.

சமையலறை ஸ்டூலைப் போட்டு ஏற்றினேன். கன்று இழுத்த அனுபவம் கைகொடுத்தது. முகம் தெரிய வேண்டும் என்று அவர் தொப்பி போட்டுக்கொள்ளவில்லை, நான்தான் போட்டுக்கொண்டேன். எங்கள் சத்தம் கேட்டு பெரில் கேட்டுக்கு வந்தாள். அவர் கையைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை. காரை நிறுத்தினேன்.

"இறங்குடா."

"முடியாதுக்கா. இடுப்பு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. கிளம்புவதா, இருப்பதா? சாவியில் கை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவ்வளவுதான், எல்லாம் என்னால்தான் கெட்டது என்று நினைத்தபோது கதவு திறந்தது. கோட்டு போட்டுக்கொண்டு, கேக் தட்டோடு வந்தாள். நேராக என் பக்கம் வந்து தட்டை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க இறங்குங்க."

"இது என் கார்," என்றேன்.

"தெரியும். தொப்பியக் கழட்டிக் குடுங்க."

ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கினேன். நாற்பது வருடம் டிராக்டர் ஓட்டிய பெண்பிள்ளை, என்னைவிட லாகவமாகச் சறுக்கி உட்கார்ந்தாள்.

"எங்கேக்கா போறோம்?"

"கல்லறைக்கு. அன்னிக்குப் பாதியில வந்தே. இன்னிக்கு முதல்லேர்ந்து இரு."

எஞ்சின் உறுமியது. பின் சக்கரம் பள்ளத்தில் தொப்பென்று விழுந்து எழுந்தது. நான் தட்டும் கையுமாக நடு ரோட்டில் நின்றேன். பழக்கதோஷம், இன்னொரு கையைத் தூக்கினேன். இருவரில் ஒருவரும் பதிலுக்குத் தூக்கவில்லை.